குடிக்கிறவருக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தால்: மருந்துக் கடையிலிருந்து சில வழிமுறைகள்

திண்டுக்கல் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எலும்பு ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அதனால் என்னிடம் வரும் சீட்டுகளில் வலி மாத்திரை இல்லாதது குறைவு. பைக்கில் விழுந்து கால் உடைந்தவர்கள், தென்னை ஏறி விழுந்தவர்கள், முதுகில் ஆபரேஷன் முடிந்தவர்கள், புற்றுநோய் வலியோடு வீட்டில் படுத்திருப்பவர்கள். சாப்பிடப்போவது ஆணாக இருந்தால், வாங்க வருவது பெரும்பாலும் மனைவியோ மகளோதான். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தெரிந்தவர் யாரும் நிற்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஏக்கா, அவரு ராத்திரி கொஞ்சம் போடுவாரு. மாத்திரையோட சேந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகும். எந்த மாத்திரை, எவ்வளவு சரக்கு, நடுவில் எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து வாந்தி மயக்கத்தோடு போகலாம், வலிப்பு வரலாம், தூக்கத்திலேயே மூச்சு நின்றும் போகலாம். கூட்ட நேரத்தில் கவுன்டரில் நின்றுகொண்டு இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன். குடிக்கிற அண்ணன்மார் படித்தால் இன்னும் நல்லது. உங்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. திட்டினால் ஆள் பொய் சொல்வார். "நான் குடிக்கவே மாட்டேன் டாக்டர்" என்கிற அந்த ஒரு பொய்யை நம்பித்தான் அவருக்குச் சேராத மாத்திரை சீட்டில் ஏறுகிறது.

முதலில் அட்டையைப் பாருங்கள்

வலி மாத்திரை என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. ஓபியாய்டு வகைதான் இங்கே முக்கியம். அபினியிலிருந்து வந்தவையும் அதைப் போலவே மூளையில் வேலை செய்கிறவையும் இந்த வகை. நம் ஊர்ச் சீட்டுகளில் அதிகம் வருவது ட்ரமடால். தனியாகவும் வரும், பாராசிட்டமால் 325 மில்லிகிராம், ட்ரமடால் 37.5 மில்லிகிராம் என்று ஒரே மாத்திரையாகவும் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், உள்ளே இருப்பது இதுதான். அப்புறம் டாபென்டடால், கோடீன், மார்ஃபின், தோலில் ஒட்டுகிற பட்டையாக ஃபென்டனில், பூப்ரெனார்ஃபின். கோடீன் சில இருமல் டானிக்கிலும் இருக்கும். டானிக்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் 'என்.ஆர்.எக்ஸ்.' என்று அச்சிட்டிருந்தால் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிற மருந்து. ட்ரமடாலை 2018 ஏப்ரலில் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே 2014 முதல் அது எச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இருந்தது. யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். "பழைய சீட்டு வீட்ல இருக்கு, நாலு மாத்திரை மட்டும் குடுங்க" என்று கேட்டு நான் தராவிட்டால், அதற்குக் காரணம் இதுதான்.

அதே கவரில் தூக்கத்தைக் கூட்டுகிற வேறு மாத்திரைகளும் இருக்கும். நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் அல்லது காபாபென்டின், தசை இறுக்கத்துக்கு டிசானிடின் அல்லது குளோர்சாக்சசோன், தூக்கத்துக்கு அல்ப்ரசோலம் அல்லது குளோனசெபம். முதுகுவலிக்காரருக்கு ட்ரமடாலும் ப்ரீகாபலினும் ஒன்றாக எழுதுவது சாதாரணம். இரண்டுமே ஆளை அசத்தும். அதன் மேல் சரக்கும் விழுந்தால் மூன்றும் சேர்ந்து அமுக்கும். சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையையும் தொட்டுக் காட்டி "இது தூக்கம் கொடுக்குமா?" என்று கேளுங்கள். எந்த மருந்துக் கடைக்காரரும் பதில் சொல்வார்.

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்றவை வேறு ரகம். மூச்சை அமுக்காது, ஆனால் இரைப்பையின் உள்தோலை அரிக்கும், சாராயமும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாகப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் கலந்தது போல வந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூச்சு எப்படி நிற்கிறது

தூங்கும்போது நாம் நினைத்து மூச்சு விடுவதில்லை. மூளைத் தண்டின் அடியில் உள்ள முகுளம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் அது உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. சாராயம் வேறு வழியாக வந்து அதே இடத்தை அமுக்குகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதை ஆரோக்கியமான ஆட்களிடமே அளந்து பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு 20 மில்லிகிராம், ஒரே மாத்திரை. நிமிடத்துக்கு உள்ளே போய்வரும் காற்று 28 சதவீதம் குறைந்தது. அதோடு மதுவும் உடம்பில் ஏறியபோது குறைவு 47 சதவீதம் ஆனது. வயதானவர்களுக்கு மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது. அது ஒரு மாத்திரைதான் என்பதை மனதில் வையுங்கள். அளவுக்கு மீறி விழுங்கியவர்களைப் பற்றிய ஆய்வில்லை அது.

"எனக்குப் பழகிடுச்சுக்கா, ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பேன்" என்பார்கள். நிற்பது உண்மையாக இருக்கலாம். தள்ளாடாமல் நடக்கப் பழகிய உடம்பு, மூச்சைக் காப்பாற்றவும் அதே அளவுக்குப் பழகியிருக்கிறது என்று அர்த்தமில்லை. சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர், பீடி சிகரெட்டால் நெஞ்சு கெட்டவர், ஆஸ்துமாக்காரர், அறுபதைத் தாண்டியவர், கல்லீரலோ சிறுநீரகமோ சரியில்லாதவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் பெரிது.

ட்ரமடாலுக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. அது வலிப்பைக் கிளப்பக்கூடிய மருந்து. குடிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. மன அழுத்தத்துக்கு ஃப்ளூக்ஸெடின், எஸ்சிடாலோபிராம் மாதிரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தால், அல்லது தலையில் அடிபட்டிருந்தால், ட்ரமடால் எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"எப்பவாவது", "லைட்டா", "விசேஷத்துக்கு மட்டும்" என்ற வார்த்தைகளை வைத்து டாக்டரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அளவைச் சொல்லுங்கள். கட்டிங் என்றால் 90 மில்லி, குவார்ட்டர் என்றால் 180, ஆஃப் என்றால் 375. "தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர், ஞாயித்துக்கிழமை ரெண்டு, கடைசியா நேத்து ஒம்பது மணிக்கு" என்று சொன்னால் போதும். கள், நாட்டுச் சாராயம், பீர் எல்லாம் கணக்கில் சேரும். பெண்கள் குடிப்பதைக் கேட்க டாக்டர்களே தயங்குகிறார்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

மனைவி, பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஓ.பி. சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். கூட வருகிறவர்கள் ஐந்து நிமிடம் வெளியே போய் உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

விபத்தில் அடிபட்டு வருகிறவர்கள் மறைப்பதற்கு இன்னொரு காரணம், கேஸும் இன்ஷூரன்ஸும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வண்டி ஓட்டும்போது குடித்திருந்தாரா என்பது ஒரு கேள்வி, தினமும் குடிக்கிற பழக்கம் உண்டா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு உண்மையான பதில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது.

சொன்ன பிறகு நேராகக் கேளுங்கள்: "இவருக்கு ட்ரமடால் இல்லாமல் சமாளிக்க முடியுமா? கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எத்தனை நாளைக்கு?" எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு, காலை உயர்த்தி வைப்பது, ஐஸ் ஒத்தடம், நரம்பில் மரத்துப்போகும் ஊசி என்று வேறு வழிகளும் டாக்டரிடம் இருக்கின்றன. கேட்டால்தான் யோசிப்பார்.

தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால்

"சரி, மாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் குடிக்க வேண்டாம்" என்று சொல்வது வாரத்துக்கு ஒருமுறை குடிக்கிறவருக்குப் பொருந்தும். மாத்திரை முடிந்து இரண்டு நாள் ஆகும்வரை அவர் பாட்டிலைத் தொடாமல் இருந்தால் முடிந்தது. ஆனால் வருஷக்கணக்காக தினமும் குடித்துவரும் ஒருவரிடம் அதையே சொல்லிவிட்டுப் போவது ஆபத்து. இதைப் பலர் யோசிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தினமும் மது ஏறிய மூளை அதை எதிர்த்தே தன்னை முறுக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று மது நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார், கட்டுப்போட்ட காலோடு எழுந்து நடக்கப் பார்ப்பார். இதைக் காற்று கருப்பு என்று நினைத்து வேப்பிலை அடிக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இது உயிர் போகக்கூடிய நிலை. ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு.

இப்போது இதோடு ட்ரமடாலைச் சேர்த்துப் பாருங்கள். குடியை நிறுத்தியதால் வலிப்பு வரக்கூடிய அதே இரண்டு நாளில், வலிப்பைக் கிளப்பும் மாத்திரையும் உள்ளே போகிறது. கால் உடைந்து படுத்தவருக்கு நடப்பது பல சமயம் இதுதான்: டாஸ்மாக்குக்கு நடந்துபோக முடியாது, வாங்கித் தர ஆளில்லை, சரக்கு தானாக நின்றுவிடுகிறது, மாத்திரை தொடர்கிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் கலக்கவும் இல்லை. இருந்தும் வலிப்பு வரலாம்.

அதனால் தினமும் குடிப்பவர் என்றால் நிறுத்துவதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நடுக்கத்தை அடக்க மாத்திரை தருவார்கள், தயமின் எனப்படும் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். நடுக்கத்துக்குத் தரும் மாத்திரையும் மூச்சை அமுக்கக்கூடியதுதான். அதனால் அது சொந்த யோசனையில் வாங்குகிற மருந்தல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் குடி மீட்பு சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. எலும்பு வார்டில் படுத்திருக்கும்போதே மனநல டாக்டர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமே வேண்டாம். நிறைய பேர் குடியை விட்டது இப்படி ஒரு கால் உடைந்த சமயத்தில்தான்.

மணிக்கணக்கு

அடுத்து என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "எத்தனை மணி நேரம் கேப் விட்டா போதும்?"

கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் மதுச்சத்து பொதுவாக 42.8 சதவீதம். அந்தக் கணக்கில் 180 மில்லியில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ஆகவே ஒரு குவார்ட்டர் ரத்தத்தை விட்டு வெளியேற ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு முடித்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டன் காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 40 கிராமுக்கு மேல். பீரெல்லாம் கணக்கில் வராது என்பது தப்பான எண்ணம்.

மாத்திரைப் பக்கமும் அப்படித்தான். சாதாரண ட்ரமடாலின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஆறு மணி நேரம். பாதி, பாதியில் பாதி என்று குறைந்து கிட்டத்தட்ட முழுக்கப் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும், கல்லீரல் சரியில்லாவிட்டால் இன்னும் அதிகம். "இன்னைக்குக் கல்யாண வீடு, குடிக்கப் போறேன், அதனால ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுட்டேன்" என்று சொல்கிறவர் உடம்பில் மத்தியான மாத்திரை இன்னும் இருக்கிறது. மருந்தைப் பெருமளவு வெளியேற்ற வேண்டுமென்றால் கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது இரண்டு முழு நாள் என்று நான் சொல்வேன். அதுவும் கல்லீரல், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, சாதாரண மாத்திரைக்கு மட்டும்.

ஏற்கெனவே குடித்துவிட்டு வந்திருக்கிறார், வலி தாங்கவில்லை என்கிறார், என்ன செய்வது? ஓபியாய்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அடுத்த நாள், தெளிந்து சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை தராவிட்டால் கை நீட்டுகிறவர்களும் உண்டு. அடியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட வீடுகளில் மாத்திரையை அவர் கண்ணில் படாத இடத்தில் வைப்பது நல்லது. அட்டை முழுவதையும் தலைமாட்டில் வைக்காமல் வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள். போதையில் சாப்பிட்டதை மறந்து இரண்டாவது தடவை விழுங்குவது அடிக்கடி நடக்கிறது.

பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாமா? பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் என்பது பொதுவான உச்ச அளவு. தொடர்ந்து குடிப்பவருக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர்கள் பரவலாகச் சொல்வது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாள் முழுக்க நான்கு. தொடர்ந்து குடிப்பதால் கல்லீரல் பாராசிட்டமாலின் ஒரு பகுதியை நச்சாக மாற்றுவது கூடுகிறது, அந்த நச்சை முறிக்கிற சத்தும் குறைந்துபோயிருக்கும். ட்ரமடால் கலந்த மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது, காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்த வரலாறு இருந்தால் ஒரு மாத்திரைகூட டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சரக்கு என்று நினைக்காத சரக்கும் உண்டு. அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகளில் புளிக்கவைத்ததால் உண்டாகிற மதுச்சத்து இருக்கிறது. அளவாகக் குடிக்கும்போது பெரிய விஷயமில்லை என்றாலும், வயதான அம்மா தசமூலாரிஷ்டத்தோடு ட்ரமடாலும் சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

மெதுவாகக் கரையும் மாத்திரையும் ஒட்டும் பட்டையும்

மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., பி.ஆர். என்று எழுத்து இருந்தால் அது பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு மணி நேரத்தில் மெதுவாகக் கரைய வேண்டியது. உள்ளே மருந்தின் அளவும் அதிகம். உடைத்தோ மென்றோ தூளாக்கியோ சாப்பிடக் கூடாது. சிலவகை மாத்திரைகளில் அந்த மெதுவாகக் கரையும் அமைப்பையே மது கரைத்துவிடும். அமெரிக்காவில் ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஓபியாய்டு மருந்தை இருபத்து நான்கு மணி நேரக் கேப்சூலாக பல்லடோன் என்ற பெயரில் விற்றார்கள். 40 சதவீத மது 240 மில்லியோடு அதை விழுங்கியபோது ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு சராசரியாக ஆறு மடங்கு ஏறியது, ஒருவருக்குப் பதினாறு மடங்கு. ஒரு நாள் முழுக்கச் சொட்ட வேண்டிய டிரிப்பை ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரி. 2005 ஜூலையில் விற்பனையை நிறுத்தினார்கள். எல்லா எஸ்.ஆர். மாத்திரையும் இப்படி உடையும் என்று இல்லை, ஆனால் எது உடையும் என்று வீட்டில் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை இது.

ஃபென்டனில் பட்டையைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கழற்றிய பிறகும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து ஒரு நாளுக்கு மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டை உடம்பில் இருக்கும்போது ஒரு கட்டிங்கூட வேண்டாம். சுடுதண்ணீர் ஒத்தடமும் அதன் மேல் வேண்டாம், சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சாப்பிடுகிறவர்களின் குடும்பத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு மார்ஃபினை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது நல்ல மருந்து. வலியில் துடிக்க விடுவது எந்த வகையிலும் பாதுகாப்பு ஆகாது. "கடைசிக் காலம், ஆசைப்படுறாரு, ஒரு பெக் குடுக்கலாமா?" என்று கேட்டால், அதை வலி நிவாரண டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

கலந்துவிட்டார் என்று தெரிந்தால்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். எழவில்லை என்றால் நெஞ்செலும்பின் நடுவில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் சரியாக விழிக்காவிட்டால் 108ஐ அழையுங்கள். "வலி மாத்திரையும் சரக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார், எழுப்ப முடியவில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து "மயங்கி விழுந்துட்டார்" என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் வேறு எதையோ தேடுவார்கள்.

வண்டி வரும்வரை மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று முப்பது விநாடி பார்த்து இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. பத்துக்குக் கீழே போனால் ஆபத்து. உதடும் நகக்கண்ணும் நீலம் பூத்தால், கண்ணின் கருமணி குண்டூசி முனை போலச் சுருங்கியிருந்தால், தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வந்தால், அதுவும் ஆபத்துதான். அந்தக் கொரகொரப்பைக் கேட்டுவிட்டு "இன்னைக்குத்தான் நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறாரு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. மூச்சு அடைபடுகிற சத்தம் அது.

ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல்காலை மடக்கி முன்னால் ஊன்றி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியே வழியும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. மல்லாக்கப் படுக்க வைத்து விட்டுப் போகவே கூடாது. உடம்பில் பட்டை ஒட்டியிருந்தால் துணியால் பிடித்து உரித்துவிடுங்கள். மூச்சே இல்லை என்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரு கைகளால் அழுத்தத் தொடங்குங்கள். போனில் 108க்காரர் சொல்லிக்கொடுப்பார், ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்.

புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கு இடையில் கரண்டி வைப்பது எதுவும் உதவாது. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, ஒருக்களித்து வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை அட்டையையும் பாட்டிலையும் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை குழி காலியாக இருக்கிறது என்பது டாக்டருக்கு உதவும். ஆஸ்பத்திரியில் நலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது. அது ஓபியாய்டை மட்டும் முறிக்கும், சாராயத்தை முறிக்காது. அதன் வேலை மாத்திரைக்கு முன்பே தீர்ந்துபோகவும் செய்யும். ஊசி போட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போலாம்" என்பார். கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிடாதீர்கள். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

எழுப்பினால் எழுகிறார், பேசுகிறார், அசதி மட்டும்தான் என்றாலும் சீட்டை எழுதிய ஆஸ்பத்திரிக்கோ அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கோ போன் செய்து கேளுங்கள். எஸ்.ஆர். மாத்திரை என்றால், சொன்னதைவிட அதிகம் விழுங்கியிருந்தால், வயதானவர் என்றால், கேட்டுக்கொண்டிருக்காமல் கூட்டிப்போங்கள். மெதுவாகக் கரையும் மருந்து உச்சத்துக்கு வருவது பல மணி நேரம் கழித்துத்தான். வேண்டுமென்றே நிறைய விழுங்கினார் என்று சந்தேகம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். உயிர் காப்பாற்றிய பிறகு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ல் தமிழிலேயே பேசலாம்.

மீதி மாத்திரை

வலி குறைந்ததும் மீதியை அலமாரியில் போட்டு வைக்கிறோம். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு முதுகு பிடித்தால், அவர் குடித்திருக்கிறாரா என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறோம். என்னைப் பொறுத்தவரை இந்த அலமாரி மாத்திரைதான் மிகவும் ஆபத்தானது. சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குப்பையில் போடாமல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அப்புறப்படுத்த வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ட்ரமடால், டாபென்டடால், ஃபென்டனில் மூன்றும் அதில் உண்டு. பயன்படுத்திய பட்டையையும் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து அப்படியே போடுங்கள், கழற்றிய பிறகும் அதில் குழந்தையின் உயிரை எடுக்கும் அளவு மருந்து மிச்சமிருக்கும். காலி அட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடலாம். அடுத்த தடவை சீட்டு எழுதும்போது பத்து நாளைக்கு எழுதினால், "முதல்ல மூணு நாளைக்கு மட்டும் வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிரித்துக் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.